ரேடியேட்டருக்குள் வந்த கஞ்சி

அன்று காலை தோட்டத்துப் பெரிய கேட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நான், என் அக்கா, அக்காவின் வீட்டுக்காரரான மச்சான், காரை எனக்குத் தவணைக்கு விற்ற பெரிய கிராணி ஐயா, துப்பாக்கியோடு நின்ற மலாய்க்காரக் காவலர் ஒருவர், பெண்களைச் சோதனை போட வைத்திருந்த அம்மா ஒருத்தி, பிறகு வந்து சேர்ந்த போலீஸ் சார்ஜன். இவ்வளவுதான். மச்சான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கூட்டம் கூடிக்கொண்டே போகும். ஒரு தடவை வெள்ளைக்காரத் தொரையே தொப்பியோடு வந்து நின்றதாகச் சொன்னார். தொரை வரவில்லை. வந்திருந்தால் நான் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். கோலா சாவாப் பக்கம் எங்கள் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். காட்டில் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று, சாப்பிடுகிற சாமான் எதுவும் அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க, போகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும். தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் ஒருவர் சைக்கிள் பம்புக்குள் அரிசியை அடைத்துக்கொண்டு போனார் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவர் பெண்சாதி பிள்ளைகளை ஒரே வாரத்தில் லயத்து வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் நான் கேட்டுக்குப் போகுமுன் என் சட்டைப்பையை நானே வெளியே இழுத்துத் தட்டிப் பார்ப்பேன். ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் என்ன செய்வது என்று பயம்.

நான் மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன். மரம் வெட்டினேன், பிறகு லோரியில் கிளீனராக ஏறினேன், ஓட்டக் கற்றுக்கொண்டேன். கிராணி ஐயா தன் பழைய காரை விற்கிறார் என்று தெரிந்ததும், அக்காவின் சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கொடுத்தேன். தோட்டத்து ஆட்களை சிரம்பான் டவுனுக்கு ஏற்றிப்போய்க் கொண்டுவந்தால் தவணையைக் கட்டிவிடலாம் என்று கணக்கு. காரின் பத்திரம் அவர் பேரில்தான் இருந்தது. கடைசித் தவணை கொடுத்த பிறகுதான் மாற்றித் தருவார்.

வாங்கிய மாதமே ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. அடிப்பக்கம் செம்பில் பச்சைக் களிம்பு பிடித்த ஓர் இடம், அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஈரம். பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு சொட்டு உருண்டு விழும். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு அடுத்த சொட்டுக்குக் காத்திருந்து காத்திருந்து என் முதுகெல்லாம் மண்.

கழற்றி ஈயம் வைத்து அடைக்க என்னிடம் பணம் இல்லை. சிரம்பானில் மோட்டார் சாமான் விற்கிற சீனர் ஒரு சின்ன டின்னைக் கொடுத்தார். உள்ளே சாம்பல் கலந்த வெள்ளைப் பவுடர். என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கி, என்ஜினை ஓடவிட வேண்டும். தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே போகப் பார்க்கும்போது பவுடரும் கூடப் போய் அங்கே அடைத்துக்கொள்ளும். "சின்ன ஓட்டைக்குத்தான் இது. பெரிய ஓட்டைக்கு ஈயம்தான். நிறையப் போடாதே" என்று மலாயில் சொல்லிக் கொடுத்தார். கடையில் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. நிறைய என்றால் எவ்வளவு? சின்னக் காருக்கு அரை டின், லோரிக்கு முழு டின் என்றாரா, சின்ன ஓட்டைக்கு அரை டின் என்றாரா? டின்னில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. படமாவது போட்டிருக்கலாம்.

அரை டின் போட்டேன். படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது. அது பழைய சொட்டா, புதுச் சொட்டா? மனசு கேட்காமல் மீதியையும் கொட்டிவிட்டேன்.

மச்சான் வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஒரு பக்கக் கன்னம் கொய்யாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. இரண்டு நாளாக அக்கா வடித்துக் கொடுத்த கஞ்சிதான் அவருக்கு ஆகாரம். மறுநாள் சிரம்பானில் பல்லைப் பிடுங்க அவரைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

"என்னா மாப்ளே, காருக்குத் திருநீறு பூசுறியா?" என்றார்.

"மருந்து மச்சான். ஓட்டைய அடைக்கும்."

"காசு கொடுத்து மண்ண வாங்கியாந்திருக்கான். ஏ, இங்க பாரு உன் தம்பிய" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

"உங்க வாய்க்கு வீக்கம் வந்தும் அடங்கலியே" என்று அக்காவின் குரல் வந்தது.

மறுநாள் காலையில் எழுந்ததும் ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கழுத்துவரை நின்றது. எனக்கு நம்ப முடியவில்லை. தினமும் விடிந்தால் ஒரு மக்குத் தண்ணீராவது குறைந்திருக்கும். தண்ணீர் கலங்கலாக, வெள்ளையாக இருந்தது. பவுடர் கரைந்த நிறம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் காருக்கு அடியில் மண் லேசாக நனைந்திருந்தது. ஒழுகியிருந்தால் தண்ணீர் எப்படிக் கழுத்துவரை இருக்கும்? ஒழுகாமல் இருந்தால் மண் எப்படி நனையும்? பனி என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பனி காருக்கு அடியில் பெய்யுமா என்று உடனே இன்னொரு யோசனை வந்தது. அப்படியே கிளம்பிவிட்டோம். சிரம்பானில் வேலை இருக்கிறது என்று கிராணி ஐயாவும் வெள்ளைக் காற்சட்டையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ் கணக்கையெல்லாம் பார்ப்பவர். அவர் பக்கத்தில் இருந்தால் எனக்குக் கை கால் ஓடாது.

கேட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு லோரியைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெயிலில் நின்றோம். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்று நான் என்ஜினை அணைக்கவில்லை. லோரி வெளியே போய்ச்சேர வெகு நேரம் ஆயிற்று. எங்கள் முறை வந்தபோது காரின் முன்பக்கம் உஸ்ஸென்று சீறியது. மூடியைச் சுற்றி ஆவி. அப்புறம் வெள்ளையாக நுரை பொங்கி, விளக்கின் மேலெல்லாம் வழிந்தது.

வாசனை வந்தது. சோறு வடிக்கிற வாசனை.

காவலர் துப்பாக்கியை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு கிட்டே வந்து மோந்து பார்த்தார். "இனி நாசி கா?" என்றார். இது சோறா என்று கேட்கிறார்.

"இல்ல துவான். ஓபாட். ஓபாட் கிரேத்தா." கார் மருந்து என்று சொல்லிக்கொண்டே இறங்கி, காலி டின்னை எடுத்து நீட்டினேன். டின் கை நழுவிக் கீழே விழுந்து உருண்டது. அதைப் பிடிக்க நான் ஓட, நான் எங்கே ஓடுகிறேன் என்று அவர் துப்பாக்கியைத் தூக்க, அக்கா காருக்குள்ளிருந்து "டேய், நில்லுடா" என்று சத்தம் போட்டது. நான் நின்றேன். டின் தானாக வந்து, கீழே இறங்கி நின்ற கிராணி ஐயாவின் சப்பாத்துக் காலில் முட்டியது.

ஐயா அதை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"உதில அரிசி எண்டு ஒண்டும் எழுதியில்லை. நீர் வேற என்னத்தைப் போட்டனீர்?"

"வேற ஒன்னும் போடலிங்க ஐயா. இது மட்டுந்தான்."

"அப்ப சோத்து மணம் எங்கையிருந்து வருகுது? கார் இன்னும் என்ர பேரிலதான் கிடக்கு தெரியுமோ. உம்மோட சேத்து என்னையும் கொண்டுபோய் இருத்தப் போறாங்கள்."

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. ஒருவேளை அந்தப் பவுடரே அரிசி மாவோ என்று நினைத்தேன். அப்படியானால் கடையில் பகிரங்கமாக எப்படி விற்பான்? காட்டுக்கு அரிசி கடத்துகிற கூட்டம் ஏதாவது என்னை இடையில் மாட்டிவிட்டதோ? சைக்கிள் பம்புக்காரரும் இப்படித்தான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருப்பாரோ? அக்காவின் சங்கிலி அடகில் இருக்கிறது. நான் உள்ளே போனால் கார் போகும், சங்கிலி போகும், லயத்து வீடும் போகும்.

கேட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையிலிருந்து சார்ஜன் வந்தார். தடித்த மனிதர், சத்தமாகப் பேசாதவர். அதுதான் பயமாக இருந்தது. யார் யார் காரில் வந்தது, யார் எங்கே உட்கார்ந்திருந்தது என்று எல்லாரையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பயத்தில் சார்ஜனையும் காரில் வந்தவராகச் சேர்த்துச் சொல்லிவிட்டேன். என்ஜின் ஆறும்வரை ஒரு சிகரெட் பிடித்தார். பிறகு மூடியைத் திறக்கச் சொல்லி, ஓர் எனாமல் மக்கை அடியில் பிடித்து, வடிகால் திருகைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. குச்சியை விட்டுக் குத்தியதும் கொழகொழவென்று வந்தது. சாம்பல் நிறக் கஞ்சி. அதில் குழைந்த பருக்கைகள் மிதந்தன.

பெண்களைச் சோதனை போடுகிற அம்மா எட்டிப் பார்த்து, "அடியாத்தி, கஞ்சிதான்" என்றது.

காருக்குள் அக்கா திரும்பி மச்சானைப் பார்த்தது. மச்சான் வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு இறங்கி வந்தார். சார்ஜன் முன்னால் நின்றார்.

"சாயா தாரோ, துவான்" என்றார். நான்தான் போட்டேன் என்று. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "விடியக்காலையில பல்லு வலி, தூக்கமில்ல. பாத்தேன், உன் மருந்து ஒன்னும் வேல செய்யல, ஒழுகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. புதுப் பானை கசிஞ்சா என்னா செய்வோம்? கஞ்சிய ஊத்திக் கொதிக்க வச்சா அடைச்சுக்கும். நேத்துக் கஞ்சி மிச்சம் இருந்துச்சு. ஊத்துனேன்."

"என்கிட்ட சொல்லக் கூடாதா மச்சான்?"

"ஒழுகுறது நின்னதுக்கு அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன் லா."

எங்கள் பெண்கள் புதுப் பானையைப் பழக்குவது அப்படித்தான். கஞ்சி மண்ணின் கண்ணை அடைக்கும். அதைச் சார்ஜனுக்கு மலாயில் விளக்க மச்சான் பட்ட பாடு இருக்கிறதே. பானை என்பதற்குக் கையால் வட்டம் போட்டார். ஓட்டைக்குத் தன் சொத்தைப் பல்லையே திறந்து காட்டினார். சார்ஜன் ஒரு அடி பின்னால் போனார்.

"போலே மாக்கான்?" என்றார் சார்ஜன், மக்கைக் காட்டி. இதைச் சாப்பிட முடியுமா என்கிறார். சாப்பிட முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஏன் சாப்பிட முடியாது? சுத்தமான கஞ்சி துவான். பெர்சே. உப்புக்கூடப் போடல."

"ஐயோ, வாய மூடுங்களேன்" என்றது அக்கா.

"நீ வடிச்சதத்தானேடி சொல்றேன்."

"நான் வடிச்சது நாசமாப் போவட்டும். மூடுங்க."

கிராணி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சார்ஜன் மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கார் ஓட்டுகிறவன் நான். மக்கை என்னிடம் நீட்டினார். "மீனோம்" என்றார். குடி.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். இப்போதும் தெளியவில்லை. குடித்தால் அது சாப்பாடு என்று ஆகிவிடும். சாப்பாட்டைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோக வந்தவன் நான் என்று ஆகும். குடிக்காவிட்டால் சார்ஜன் சொன்னதைக் கேட்காதவன். குடிக்கிற மாதிரி பாவனை செய்தால் ஏமாற்றுக்காரன். அவர் என்ன நினைத்து நீட்டினார்? நான் குடிக்க வேண்டும் என்றா, குடிக்கக் கூடாது என்றா? அவர் முகத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையை ஆட்டியது. வேண்டாம் என்றா, குடி என்றா என்று அதிலும் புரியவில்லை.

ஒரு வாய் குடித்தேன். துருவும் பவுடரும் பழைய எண்ணெயும் புளித்த சோறும் ஒன்றாகத் தொண்டைக்குப் போனது. போனது அப்படியே திரும்பி வந்தது. சார்ஜனின் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி வாந்தி எடுத்தேன். குனிந்தவன் நிமிரவில்லை. நிமிர்ந்தால் விலங்கு இருக்குமோ என்று பயம்.

"அது பவுடர் ருசி. கஞ்சி ருசி இல்ல அது" என்று மச்சான் சொல்வது கேட்டது.

பிறகு அந்தச் சோதனை அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கியது. காவலர் வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், அவர் முதுகு ஆடியது. சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. மக்கில் மீதியிருந்ததைப் புல்லில் கொட்டினார். இதைத் தின்கிறவன் காட்டிலும் இல்லை, நாட்டிலும் இல்லை என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம்; காவலர் பிறகு சொன்னார். எனக்குக் காது அடைத்திருந்தது. உள்ளே இருக்கிறதையெல்லாம் கேட்டுக்கு உள்பக்கமே கொட்டிவிட்டு, வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகச் சொன்னார். இனிமேல் காருக்குச் சோறு போட்டால் ஆளைப் பிடிப்பேன் என்று விரலைக் காட்டினார். மச்சானிடம் மட்டும், பல் டாக்டர் உன் வாயைச் சீக்கிரம் மூடிவிடுவார், போ என்றார்.

கழுவினேன், புதுத் தண்ணீர் ஊற்றினேன், படுத்துப் பார்த்தேன். பச்சைக் களிம்பு இருந்த இடம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

"பாத்தியா?" என்றார் மச்சான்.

"பவுடர் மச்சான்."

"கஞ்சி மாப்ளே."

"ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு வாருங்கோ" என்றார் கிராணி ஐயா.

வழியில் மம்பாவ் ஊரைக்கூடத் தாண்டவில்லை. என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. ஐயாவும் அக்காவும் மச்சானும் பஸ் ஏறிப் போனார்கள். நான் காரைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி மேல்தட்டைப் பிரித்துக் காட்டினார். ஓட்டை அழகாக அடைபட்டிருந்தது. கூடவே தண்ணீர் ஓடுகிற குழாய்களில் பாதியும் அடைபட்டிருந்தன. சாம்பலும் வெள்ளையும் கலந்து சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. எது பவுடர், எது கஞ்சி என்று கேட்டேன். சுரண்டிப் பார்த்து, தெரியாது என்றார். இரண்டில் ஒன்றை மட்டும், அதுவும் கொஞ்சமாகப் போட்டிருந்தால் போதும், அடைக்கிற சாமானுக்கு ஓட்டை எது வழி எது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாதுதான். எனக்கும் அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்து, ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கக் கூலி முப்பத்தைந்து வெள்ளி. சாயங்காலம் மச்சான் பல் பிடுங்கிய வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, கணக்கைக் கேட்டுவிட்டுப் பாதி நான் தருகிறேன் என்று சைகை காட்டினார். அவர் பங்கையும் சேர்த்து நானே கடன் வாங்கிக் கட்டினேன்.

தவணை ஒருவழியாகத் தீர்ந்தது. சங்கிலி அக்கா கழுத்துக்குத் திரும்பியது. வேலியும் கேட்டும் ஒருநாள் போயின. இப்போது நாங்கள் இருவருமே மம்பாவில்தான் இருக்கிறோம், இரண்டு தெரு தள்ளி. மச்சான் அந்தப் பாதியைத் தரவில்லை. கஞ்சிதான் ஓட்டையை அடைத்தது, பவுடர்தான் குழாயை அடைத்தது, அதனால் அது என் செலவு என்பது அவர் வாதம். கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கி, சார்ஜன் முன்னால் போய் நின்று, நான்தான் போட்டேன் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்துவிடும். சும்மா இருந்திருந்தால் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னைத்தான் கொண்டுபோயிருப்பார்கள். அப்படி இறங்கி வந்த மனிதரிடம் எப்படிக் கேட்பது? ஆனால் கஞ்சியை ஊற்றியதும் அவர்தானே? மச்சான் தர வேண்டியது பதினேழு வெள்ளி ஐம்பது காசு.